முதுகுப்புறம் தொலைந்த மின்சாரம்

கூரையில் சோலார் போட விலை விசாரித்தவர்கள் 'மோனோ பெர்க்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அண்மைக்காலம் வரை நம் ஊரில் விற்ற பேனல்களில் பெரும்பகுதி அந்த வகைதான். 'மோனோ' என்றால் ஒரே படிகமாக வளர்த்த சிலிக்கான். 'பெர்க்' என்பது அந்தச் சிலிக்கான் தகட்டின் முதுகுப்புறத்தில், வெயிலே நேராகப் படாத பக்கத்தில், செய்யப்பட்ட ஒரு திருத்தம். வெயில் விழாத பக்கத்தைத் திருத்தினால் மின்சாரம் ஏன் கூடுகிறது? மார்ட்டின் கிரீன் என்ற ஆஸ்திரேலியப் பொறியியல் பேராசிரியரின் வாழ்நாள் ஆய்வு முழுவதும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது.

வெயில் முன்பக்கம் விழுந்தாலும் அதனால் பிறந்த மின்சாரத்தில் கணிசமான பங்கு பின்பக்கத்தில் தொலைந்துகொண்டிருந்தது. எங்கே தொலைகிறது, எவ்வளவு தொலைகிறது, எப்படி நிறுத்துவது என்று கணக்குப் பார்த்து முடிக்கவும், அந்த விடையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

கிரீன் 1948-இல் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்காகக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவர் ஆராய்ந்தது ஓர் அடுக்கடுக்கான அமைப்பு: கீழே குறைகடத்தி, மேலே உலோகம், இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் மட்டுமே பருமனுள்ள மின்காப்புப் படலம். சாதாரணமாக மின்காப்பு என்றால் எலெக்ட்ரான் கடக்காது. ஆனால் படலம் இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது குவாண்டம் விதிகளின்படி எலெக்ட்ரான் அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அப்போது இது சோலாருக்கென்றே எடுத்த தலைப்பு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சிலிக்கானின் உடலைவிட அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் செய்த எல்லாவற்றிலும் அந்தப் பழக்கம் தெரிகிறது.

1974-இல் அவர் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு சிறிய சோலார் ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். முந்தைய ஆண்டுதான் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தை நிறுத்தி உலகையே உலுக்கியிருந்தன. சிலிக்கான் சூரியமின்கலம் அப்போது இருபது வயது நிரம்பிய பொருள். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சுமார் 6 சதவீதச் செயல்திறனுடன் அதைச் செய்து காட்டியிருந்தார்கள். பிறகு அது செயற்கைக்கோள்களில் ஏறியது. தரையில் அதைப் பயன்படுத்த யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1970-களின் நடுவில் ஒரு வாட் மின்சாரம் தரும் பேனலுக்குப் பல பத்து டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள். படிகத்துக்குள் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு பிணைந்திருக்கும். ஒளித்துகள் ஒன்று உள்ளே வந்து போதிய ஆற்றலைக் கொடுத்தால் பிணைப்பிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விடுபடும். சிலிக்கானுக்கு அந்தக் குறைந்தபட்ச ஆற்றல் 1.12 எலெக்ட்ரான்வோல்ட். விடுபட்ட இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அதைத் துளை என்பார்கள். தகட்டின் உடலில் போரானும் முன்பக்க மேல்தோலில் பாஸ்பரஸும் மிகச் சிறிதளவு கலந்திருப்பதால் இரண்டும் சந்திக்கும் 'பி-என் சந்தி'யில் ஒரு மின்புலம் நிரந்தரமாக நிற்கிறது. உடலுக்குள் பிறந்த எலெக்ட்ரான் அலைந்து திரிந்து அந்தச் சந்தியை எட்டிவிட்டால் மின்புலம் அதை முன்பக்கம் தள்ளிவிடும். வெளிச்சுற்றில் மின்னோட்டம் கிடைக்கும். எட்டுவதற்கு முன் ஏதேனும் ஒரு துளையில் விழுந்துவிட்டால் ஒளி கொடுத்த ஆற்றல் வீணாகிப் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். இதுதான் மறுஇணைவு. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்பது வழியில் எத்தனை உடைப்புகள் என்பதைப் பொறுத்தது. எலெக்ட்ரானின் நிலையும் அதேதான்.

உடைப்பு எங்கே அதிகம்? படிகத்துக்குள் இருக்கும் அசுத்தங்கள் ஒரு காரணம். தூய சிலிக்கானை வளர்க்கக் கற்றுக்கொண்டதும் அது பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சியது மேற்பரப்பு. படிகம் முடியும் இடத்தில் அணுக்களுக்குப் பக்கத்து அணு கிடையாது. ஒரு கை பற்றுக்கோடு இல்லாமல் தொங்கும். அந்த வழியே போகும் எலெக்ட்ரானை அது பிடித்துத் துளையோடு சேர்த்துவிடும். இதைவிட மோசம் உலோகம் தொடும் இடம். சிலிக்கானை உலோகம் நேரடியாகத் தொட்டால், அங்கே வந்து சேரும் எலெக்ட்ரான்–துளை இணைகள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோகும். ஆனால் உலோகம் தொடாமல் மின்சாரத்தை வெளியே எடுக்கவும் முடியாது. தொட்டாக வேண்டும், முடிந்தவரை குறைவாகத் தொட வேண்டும். கிரீனின் அரை நூற்றாண்டு உழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

அவருடைய குழு முதலில் துரத்தியது மின்னழுத்தத்தை. அதற்கு நல்ல காரணம் இருந்தது. சூரியன் தரும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. அதனால் மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை சீக்கிரமே வந்துவிடும். மின்னழுத்தமோ மறுஇணைவு குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். கலத்தின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு தொலைகிறது என்று தெரிந்துவிடும். உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு படலத்தை வைக்கும் தன் பழைய வித்தையைக் கிரீன் இங்கே பயன்படுத்தினார். 1983-இல் செயல்திறன் 18 சதவீதம். 1985-இல் 20 சதவீதம். சிலிக்கான் கலம் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. அன்று சந்தையில் கிடைத்த பேனல்கள் அதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தன.

முன்பக்கம் சீரானதும் பார்வை பின்பக்கம் திரும்பியது. நீல ஒளி சிலிக்கானில் ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பும் ஆழமாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதி தகட்டை முழுக்கக் கடந்து பின்பக்கத்தையே தொட்டுவிடும். அங்கே பிறக்கும் எலெக்ட்ரான்களுக்கு முன்பக்கச் சந்தி தொலைதூரம். முதுகு பக்கத்திலேயே இருக்கிறது. அக்காலத் தொழிற்சாலைகள் முதுகு முழுவதும் அலுமினியப் பசையைப் பூசிச் சூளையில் சுட்டுவந்தன. அது மலிவான, எளிய முறை. அலுமினியம் கொஞ்சம் சிலிக்கானில் கரைந்து எலெக்ட்ரான்களை ஓரளவு விலக்கவும் செய்யும். ஆனாலும் பெரும் இழப்பு அங்கேதான் இருந்தது. பின்பக்கம் வந்த ஒளியையும் அந்தப் பூச்சு சரியாகத் திருப்பியனுப்பவில்லை.

கிரீன் குழுவின் மாற்று எளிமையானது. முதுகு முழுவதும் சிலிக்கான் ஆக்சைடு படலத்தை வளர்ப்பது. அது தொங்கும் கைகளைப் பற்றிக்கொள்ளும். படலத்தில் ஆங்காங்கே சிறுசிறு திறப்புகள் இட்டு, அவற்றின் வழியே மட்டும் அலுமினியம் சிலிக்கானைத் தொடும்படி செய்வது. மற்ற இடங்களில் ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்து நல்ல கண்ணாடியாகி, தப்பிப்போக இருந்த அகச்சிவப்பை மறுபடியும் உள்ளே அனுப்பிவிடும். மேலே அலுமினியத்தைப் பூசிச் சூடாக்கும்போது விடுபடும் ஹைட்ரஜன் அணுக்கள் ஆக்சைடுக்கு எட்டாத தொங்கல்களையும் அடைத்துவிடும். இதுதான் பெர்க். ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், வாங் ஐஹுவா, ஜாவ் ஜியான்ஹுவா முதலியோருடன் கிரீன் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் செயல்திறன் 22.8 சதவீதம். திறப்புகளின் அடியில் மட்டும் கூடுதலாகப் போரானை ஊட்டிய அடுத்த வடிவம் 1999-இல் 24.7-ஐ எட்டியது. அந்தக் கலத்தின் மின்னழுத்தம் 706 மில்லிவோல்ட்.

அந்தச் சாதனையைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 2008-இல் சூரிய ஒளிக்கான சர்வதேச அளவுகோல் திருத்தப்பட்டபோது, அதே கலத்தின் மதிப்பெண் 24.7-லிருந்து 25 ஆனது. கலத்தை யாரும் தொடவில்லை. எந்தெந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற அட்டவணை மாறியது, அவ்வளவுதான். செயல்திறன் என்ற எண் எவ்வளவு கவனமாக வரையறுக்கப்பட வேண்டியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பரப்பளவைக் கொஞ்சம் சுருக்கிக் கணக்கிட்டால் எண் ஏறும். விளக்கின் ஒளி நிறம் மாறினால் ஏறும். 1993 முதல் கிரீனும் பல நாட்டு அளவீட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை செயல்திறன் அட்டவணை ஒன்றை வெளியிட்டு வருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற சுயேச்சையான ஆய்வகம் அளந்து சொன்ன எண்ணுக்கு மட்டுமே அதில் இடம். கிரீனுக்குக் கிடைத்த பெரிய விருதுகளைவிட இந்த அட்டவணையை நான் உயர்வாக மதிக்கிறேன். தன் ஆய்வகமும் போட்டியில் நிற்கும் ஒரு துறையில், எல்லோரும் நம்பக்கூடிய ஓர் அளவுகோலை முப்பது ஆண்டுக்கு மேல் காப்பாற்றுவது எளிய வேலை கிடையாது.

1989-இல் கண்டுபிடித்தது நம் கூரைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆனது? சிட்னியில் செய்த கலம் சில சதுர சென்டிமீட்டர்தான். மிகத் தூய்மையான, விலை உயர்ந்த சிலிக்கான். ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நீண்ட நேரம் வளர்த்த ஆக்சைடு. சிப் தயாரிப்பில் வருவதுபோல ஒளியச்சு முறையில் பலமுறை பதித்த வடிவங்கள். மணிக்கு ஆயிரக்கணக்கில் தகடுகளைத் தள்ளும் தொழிற்சாலைக்கு இவை எதுவும் ஒத்துவராது. தடைகள் ஒவ்வொன்றாக, வேறு வேறு நாடுகளில், நீங்கின. சிலிக்கான் ஆக்சைடுக்குப் பதில் பத்து நானோமீட்டர் அளவிலான அலுமினியம் ஆக்சைடு படலம் போதும் என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் காட்டின. அதில் இயல்பாகவே எதிர்மின்னூட்டம் தங்கியிருப்பதால் எலெக்ட்ரான்களை அது முதுகை நெருங்கவே விடாது. ஒளியச்சுக்குப் பதில் லேசர் வந்து படலத்தைக் கோடுகளாகத் திறந்தது. பழைய அச்சிடும் இயந்திரங்களும் சூளைகளும் அப்படியே இருக்க, நடுவில் இரண்டே படிகள் சேர்ந்தால் பெர்க் தயாராகும் என்ற நிலை 2010-க்குப் பிறகு வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் உலகில் உற்பத்தியான கலங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பெர்க் ஆகிவிட்டன.

இந்தப் பரவலில் மாணவர்களின் பங்கை விட்டுவிட்டால் கதை பாதிதான். ஷி ஜெங்ரோங் சீனாவிலிருந்து சிட்னி வந்து கிரீனிடம் 1992-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 2001-இல் ஊர் திரும்பி வூஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005 டிசம்பரில் அது நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்த வெற்றியைப் பார்த்துச் சீனாவில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் பலவற்றின் தொழில்நுட்பப் பொறுப்பில் சிட்னியில் படித்தவர்கள் இருந்தார்கள். போட்டியில் விலை சரிந்தது. 2013-இல் சன்டெக்கின் வூஷி நிறுவனமே திவாலானது. முன்னால் நின்றவர் விழுந்தார். அவர் தொடங்கிவைத்த தொழில் நிற்கவில்லை. இன்று மொத்த விலையில் ஒரு வாட் பேனல் 20 அமெரிக்கச் சென்ட்டுக்கும் கீழே கிடைக்கிறது. கிரீனின் இன்னொரு மாணவரும் நெடுநாள் சக ஆய்வாளருமான ஸ்டூவர்ட் வென்ஹாம், சோலாருக்கென்றே ஓர் இளநிலைப் பொறியியல் பட்டப்படிப்பை அதே பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டி நிறுவ முன்னின்றார். 2017-இல் அவர் இறந்தது துறைக்கே பெரிய இழப்பு.

கிரீன் எடுத்த வழி எல்லாம் பலித்ததும் இல்லை. 1990-களில் அவரும் வென்ஹாமும், தகட்டை விட்டுவிட்டுக் கண்ணாடிமேல் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் சிலிக்கானைப் படியவைத்தால் செலவு குறையும் என்று நம்பினார்கள். அதற்காக 1995-இல் பசிபிக் சோலார் என்ற நிறுவனம் உருவானது. ஷி ஜெங்ரோங்கும் அங்கே வேலை பார்த்தார். பிறகு அந்தத் தொழில்நுட்பம் ஜெர்மனியில் தொழிற்சாலை வரை போனது. ஆனால் சீனத் தொழிற்சாலைகள் சாதாரணத் தகட்டுக் கலங்களின் விலையை இறக்கிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் நின்றுபோனது. அந்த வழியைத் தோற்கடித்தது, பெருமளவில், அதே ஆய்வகம் வளர்த்த மனிதர்களின் கைவேலை.

2022-இல் ஃபின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிரீனுக்குக் கிடைத்தது. 2023-இல் பொறியியலுக்கான ராணி எலிசபெத் பரிசை பிளேக்கர்ஸ், வாங், ஜாவ் ஆகியோருடன் சேர்ந்து பெற்றார். நான்கு பேருக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான் நியாயம்.

பெர்க்கின் காலமும் இப்போது முடிந்துவருகிறது. சந்தையில் முந்தி நிற்பது 'டாப்கான்'. அதன் முதுகுப்புறத்தில் உலோகம் சிலிக்கான் தகட்டை நேரடியாகத் தொடுவதே இல்லை. நடுவில் ஒன்றரை நானோமீட்டர் அளவில் ஓர் ஆக்சைடு படலம். எலெக்ட்ரான்கள் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. இதை இன்றைய வடிவில் முன்வைத்தது ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம். ஆனால் 1970-களில் கனடாவில் ஓர் ஆய்வு மாணவர் படித்த இயற்பியலின் வாரிசுதான் இது.

நம் ஊருக்கு இதில் நேரடியான ஆதாயம் ஒன்று இருக்கிறது. பேனலின் தரத்தை அளப்பது 25 டிகிரி வெப்பத்தில். சித்திரை வெயிலில் மொட்டைமாடியிலுள்ள பேனல் 65 டிகிரியைத் தொட்டுவிடும். பழைய அலுமினியப் பூச்சுக் கலங்கள் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீத மின்சாரத்தை இழக்கும். பெர்க் சுமார் 0.35, டாப்கான் சுமார் 0.3. மின்னழுத்தம் உயர உயர வெப்பத்தின் பாதிப்பு குறையும் என்பது கலத்தின் அடிப்படை இயல்பு. நாற்பது டிகிரி வித்தியாசத்தில் பழையது 16 சதவீதம் இழக்கும் இடத்தில் புதியது 12 சதவீதத்தோடு நிற்கும். பேனல் வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்காமல் இந்த வெப்ப எண்ணையும் கேட்டு வாங்குங்கள்; விவரத்தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

சிலிக்கான் கலம் தனியாக எட்டக்கூடிய உச்சம் 29.4 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆய்வகக் கலங்கள் 27-ஐத் தாண்டிவிட்டன. அதற்குமேல் போக வேண்டுமானால் சிலிக்கான்மேல் இன்னொரு குறைகடத்தியை அடுக்கியாக வேண்டும். மேலடுக்கு நீலத்தையும் பச்சையையும் எடுத்துக்கொள்ள, கீழடுக்கு சிவப்பை எடுத்துக்கொள்ளும். பெரோவ்ஸ்கைட் என்ற பொருளை அப்படி அடுக்கி 34 சதவீதத்துக்கு மேல் காட்டிவிட்டார்கள். ஆனால் ஈரமும் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதைச் சிதைக்கின்றன. இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் சிலிக்கானோடு சேர்ந்து வாழ அதற்கு இன்னும் உடம்பில் வலுவில்லை. கிரீனின் பல்கலைக்கழகம் உட்பட உலகின் பல ஆய்வகங்கள் இப்போது மோதிக்கொண்டிருப்பது இந்தச் சுவரோடுதான்.

நம் பொறியியல் கல்லூரிகளில் குறைகடத்தி என்றால் சிப் வடிவமைப்பு மட்டுமே என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சூரியமின்கலமும் அதே பி-என் சந்திதான். அதே சிலிக்கான், அதே ஆக்சைடு. திருநெல்வேலி கங்கைகொண்டானில் இன்று சூரியமின்கலத் தொழிற்சாலை ஓடுகிறது. கடலோர உப்புக்காற்றும் நாற்பது டிகிரி வெயிலும் நம் வாசலிலேயே இருக்கின்றன. புதிய கலங்கள் தாக்குப்பிடிக்குமா என்று சோதிக்க இதைவிடக் கடுமையான களம் சிட்னிக்குக் கிடைக்காது. மின்னணுவியலோ இயற்பியலோ படிக்கும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: கிரீன் 1982-இல் எழுதிய 'சோலார் செல்ஸ்' என்ற பாடநூலை எங்கிருந்தாவது தேடி எடுத்துப் படியுங்கள். இளநிலைக் கணிதம் போதும். படித்து முடித்ததும் உங்கள் பேராசிரியரிடம் போய் இந்தத் துறையில் ஓர் ஆய்வுத் திட்டம் கேளுங்கள்.